சிறைக் காவலர் வேலை கிடைத்தால் போகலாமா? உள்ளே வேலை எப்படி இருக்கும்?

இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குப் படிக்கும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: "போலீஸ், சிறை, தீயணைப்பு மூன்றுக்கும் ஒரே பரீட்சை. மார்க் பார்த்தால் எனக்குச் சிறைத்துறைதான் கிடைக்கும் போலிருக்கிறது. போகலாமா? உள்ளே உண்மையில் என்ன வேலை? அப்பா அம்மா பயப்படுகிறார்கள்." நான் வார்டராக, அதாவது சிறைக் காவலராகச் சேர்ந்து தலைமைக் காவலராக ஓய்வு பெற்றவன். தமிழ்நாட்டுச் சிறைகளைத்தான் எனக்குத் தெரியும், அதை வைத்தே சொல்கிறேன்.

முதலில் எல்லோரும் கேட்கிற விவரங்களைச் சீக்கிரமாக முடித்துவிடுகிறேன். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் 2023-இல் அறிவித்த 3,359 இடங்களில் சிறைக் காவலர் 86. 2025-இல் 3,644 இடங்களில் 180. 10-ஆம் வகுப்புத் தேர்ச்சி போதும். தமிழ்த் தகுதித் தேர்வில் 80-க்கு 32 எடுக்காவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். எழுத்துத் தேர்வு 70, உடல்திறன் 24, என்சிசி, என்எஸ்எஸ், விளையாட்டு ஆகியவற்றுக்குச் சிறப்பு மதிப்பெண் 6. சம்பள விகிதம் மூன்று துறைக்கும் ஒன்றுதான்: 18,200 முதல் 67,100 வரை. அதற்கு மேல் அகவிலைப்படியும் வீட்டு வாடகைப்படியும் வரும். ஆகவே பணத்தை வைத்துப் போலீசையும் சிறையையும் ஒப்பிட ஒன்றுமில்லை. வேலையை வைத்துத்தான் ஒப்பிட வேண்டும். வேலை முற்றிலும் வேறு.

போலீஸ்காரர் ஒரு ஆளைப் பிடிக்கிறார், விசாரிக்கிறார், கோர்ட்டில் நிறுத்துகிறார். அதோடு அந்த ஆள் அவர் கையை விட்டுப் போய்விடுவார். நமக்கு அதே ஆள் அடுத்த பத்து வருஷமும் எதிரிலேயே இருப்பார். காலையில் கதவைத் திறந்தால் அவர் முகம், மாலையில் பூட்டினால் அவர் முகம். அவருக்கு நம் நடை தெரியும், நாம் எந்த ஷிஃப்ட்டில் வருவோம் என்று தெரியும், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறோமா என்றுகூட முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார். இந்த வேலைக்கு முதல் தகுதி, ஒரே மனிதர்களோடு வருஷக்கணக்கில் ஒரே மாதிரி இருக்க முடிவது.

இன்னொரு விஷயம் புதிதாகச் சேருகிற எல்லோரையும் திகைக்க வைக்கும். உள்ளே துப்பாக்கி கிடையாது. கோபுரத்திலும் வெளி மதிலிலும் பாரா நிற்பவர்களிடம் இருக்கும். பிளாக்குக்குள், அதாவது கைதிகளை அடைத்திருக்கும் கட்டடத்துக்குள் டூட்டி பார்ப்பவர் கையில் ஒரு லத்தி, ஒரு விசில், அவ்வளவுதான். மத்திய அரசின் 2016 மாதிரிச் சிறைக் கையேடு 6 கைதிக்கு ஒரு காவலர் இருக்க வேண்டும் என்கிறது. இடம் காலியே இல்லாமல் அத்தனை பேரும் இருந்தாலும், மூன்று ஷிஃப்ட்டாகப் பிரித்தால் 18 பேருக்கு ஒருவர். அதில் வார ஓய்வு, ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் கைதிக்குக் காவல், மெயின் கேட், மனு ரூம் (கைதியைப் பார்க்க வீட்டு ஆட்கள் வருவதைத்தான் மனு என்போம்) என்று கழித்துக்கொண்டே வாருங்கள். கடைசியில் நூறு பேர் இருக்கும் பிளாக்கில் நீங்கள் ஒருவராக நிற்கும் வேளை கட்டாயம் வரும். நூறு பேரை ஒரு லத்தி அடக்காது. அவர்கள் வரிசையில் நிற்கிறார்கள் என்றால், இவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று நினைப்பதால்தான் நிற்கிறார்கள். சிறைக் காவலர் தொழில் இதில்தான் இருக்கிறது.

நாள் எப்படிப் போகும் என்று கேட்டால், எண்ணிக்கையில் தொடங்கி எண்ணிக்கையில் முடியும். காலை ஆறு மணி வாக்கில் திறப்பு, மாலை ஆறு மணி வாக்கில் லாக்கப். பூட்டும் நேரத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கைதிகளை இரண்டு இரண்டாக வரிசையில் உட்கார வைக்க வேண்டும். நின்றுகொண்டிருந்தால் ஆள் நகர்ந்துகொண்டே இருப்பார்கள், எண்ண முடியாது. ஒரு ஓரத்திலிருந்து ஜோடி ஜோடியாக எண்ணிக்கொண்டு போக வேண்டும். முகத்தைப் பார்த்து எண்ண வேண்டும், தலையை எண்ணக்கூடாது. போர்வையைச் சுருட்டிப் படுக்கையில் வைத்துவிட்டு ஆள் வேறு இடத்தில் இருந்த கதைகள் எல்லாச் சிறையிலும் உண்டு. எண்ணி முடித்து, பூட்டைப் போட்டு, இரண்டு முறை இழுத்துப் பார்க்க வேண்டும். லத்தியால் ஜன்னல் கம்பிகளை வரிசையாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். முழுக் கம்பி கணீரென்று கேட்கும், அறுத்துச் சோப்பும் மண்ணும் வைத்து அடைத்த கம்பி சத்தமே கொடுக்காது. பிறகு ஒவ்வொரு பிளாக் எண்ணிக்கையும் போய்ச் சேர்ந்து, ஆஸ்பத்திரியில் இத்தனை, கோர்ட்டுக்குப் போய்த் திரும்பாதவர் இத்தனை, புதிதாக வந்தவர் இத்தனை என்று கூட்டிக் கழித்து மொத்தம் சரியாக வர வேண்டும். ஒரு ஆள் குறைந்தால் யாரும் வீட்டுக்குப் போக முடியாது, முதலிலிருந்து எண்ண வேண்டும். மகளுக்குப் பிறந்தநாள், கேக் வாங்கிவிட்டு நிற்கிறேன் என்றெல்லாம் அங்கே சொல்ல முடியாது. பெரும்பாலும் எழுத்துப் பிழையாகத்தான் இருக்கும். பிழைதான் என்று நிச்சயமாகும்வரை யாருக்கும் மூச்சு விட வராது.

எண்ணிக்கைக்கு அடுத்தபடியாக நான் முக்கியம் என்று சொல்வது புதிய கைதிகளின் சேர்க்கை. மாலைக்கு மேல் கோர்ட்டிலிருந்து ரிமாண்ட் ஆட்களைக் கொண்டுவருவார்கள். வழிக்காவல் போலீசுக்குச் சீக்கிரம் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும், நமக்கும் லாக்கப் நேரம். அந்த அவசரத்தில்தான் தவறு நடக்கும். வாரண்டில் இருக்கும் பெயர், அப்பா பெயர், அங்க அடையாளம் எல்லாம் ஆளோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். உடம்பில் காயம் இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் எந்த இடம், எப்படிப்பட்ட காயம், எப்படி வந்ததாக அவர் சொல்கிறார் என்று மருத்துவரைக் கொண்டு பதிய வைக்க வேண்டும். 2020 ஜூனில் சாத்தான்குளம் போலீசார் ஜெயராஜையும் அவர் மகன் பென்னிக்ஸையும் கைது செய்து கொண்டுபோய் அடைத்தது கோவில்பட்டி கிளைச் சிறையில்தான். சில நாட்களுக்குள் இருவரும் அடுத்தடுத்து இறந்தார்கள். ஸ்டேஷனில் அடித்ததற்குச் சிறைக் காவலர் பொறுப்பில்லை என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் அப்படி ஒருவர் வாசலில் வந்து நிற்கும்போது, போலீஸ் அல்லாத ஒரு அரசு ஊழியராக அவரைக் கிட்டத்தில் நின்று பார்ப்பவர் நீங்கள். அந்த நேரத்தில் பதிவேட்டில் எழுதுகிற இரண்டு வரி ஒரு உயிரைக் காப்பாற்றலாம். யார் அவசரப்படுத்தினாலும் அதை எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஒரு கைதி உள்ளே வந்த முதல் ராத்திரி மிகக் கவனமாக இருக்க வேண்டிய ராத்திரி. பழைய ஆள் என்றால் வந்த உடனே எந்த பிளாக், யார் இருக்கிறார்கள் என்று விசாரிப்பார், சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிடுவார். முதல் முறை வந்த பையன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். தட்டில் வைத்த சோறு அப்படியே இருக்கும். பக்கத்தில் இருப்பவர் பேசினால் பதில் வராது. அப்படி ஒருவனைப் பார்த்தால் ரவுண்டு போகும்போது நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். "சாப்பிட்டியா, வீட்டுக்குத் தகவல் தெரியுமா, யார் வருவாங்க" என்று மூன்று கேள்வி போதும். கைதி எண் சொல்லாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டதாலேயே உடைந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன். அழுதுவிட்டால் நல்லது. அழாமல், பேசாமல், தன் சட்டையை மடித்து ஓரமாக வைத்து, இருக்கிற பொருளைப் பக்கத்து ஆளுக்குக் கொடுக்கிறவனிடம்தான் பயப்பட வேண்டும். உடனே மேலே சொல்லுங்கள். அவனைத் தனியாக வைக்காமல், பொறுப்பான பழைய கைதி ஒருவர் பக்கத்தில் படுக்க வையுங்கள்.

இந்தியச் சிறைகளில் இருப்பவர்களில் பெரும்பகுதி தண்டனை பெற்றவர்கள் இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022 கணக்குப்படி மொத்தம் 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூன்று பேர். உங்கள் முன்னால் உட்கார்ந்திருப்பவர் நாளைக்கு நிரபராதி என்று வெளியே போகலாம்.

இப்போது, நல்ல பையன்கள் வேலையை இழக்கிற இடத்துக்கு வருகிறேன். கஞ்சா, செல்போன், சிம் கார்டு உள்ளே போனதாகவும் வார்டர் சஸ்பெண்ட் ஆனதாகவும் பேப்பரில் படித்திருப்பீர்கள். அந்த வார்டர்களில் முக்கால்வாசிப் பேர் கடத்தல்காரர்களாக வந்து சேர்ந்தவர்கள் கிடையாது. எல்லாம் ஒரு உதவியில்தான் தொடங்கும். "சார், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, ஒரு போன் போட்டு எப்படி இருக்காங்கன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க." கேட்பவர் நல்லவராகத் தெரிவார், அம்மாவுக்கு நிஜமாகவே உடம்பு சரியிருக்காது. நீங்கள் வீட்டுக்குப் போய் போன் போடுவீர்கள். இப்போது உங்கள் நம்பர் அந்த வீட்டில் இருக்கிறது. அடுத்த வாரம் "டீ செலவுக்கு" என்று ஐந்நூறு ரூபாய் ஜிபேயில் வந்து விழும். நீங்கள் கேட்டிருக்கவே மாட்டீர்கள். ஆனால் அவர்கள் கையில் ஸ்கிரீன்ஷாட் இருக்கிறது. அதற்கு அடுத்த மாதம் ஒரு பீடிக்கட்டு, அதற்கடுத்து ஒரு சிம். முடியாது என்றால் ஐந்நூறு ரூபாய் விஷயம் ஆபீசுக்குப் போகும் என்று சிரித்துக்கொண்டே சொல்வார்கள். இதில் சிக்கியவர்களில் யாரும் முதல் நாளே சிம் கொண்டுபோகச் சம்மதித்தவர்கள் இல்லை.

அப்படியானால் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாத ஆளை அப்படியே விட்டுவிடுவதா? கூடாது. சிறையிலேயே கைதிகள் வீட்டுக்குப் பேசும் போன் வசதி இருக்கிறது, நல அலுவலர் இருக்கிறார், இலவசச் சட்ட உதவி இருக்கிறது, அவசரகால விடுப்பு கேட்க 1982 தண்டனை நிறுத்தி வைப்பு விதிகள் இருக்கின்றன. "என்னால் போன் போட முடியாது. நாளைக்குக் காலையில் நல அலுவலரிடம் உன்னைக் கூட்டிப் போகிறேன்" என்று சொல்லுங்கள். சொன்னபடி மறுநாள் காலையில் கூட்டிப் போங்கள்.

இப்படிச் சொன்னபடி செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது. வெளியே நாம் ஒரு நாளைக்கு இருபது தடவை "பார்க்கலாம்", "சொல்றேன்", "ஆகட்டும்" என்று பேசுகிறோம், யாரும் கணக்கு வைப்பதில்லை. உள்ளே இருப்பவருக்கு உங்கள் சொல்லைத் தவிர வேறு வழியே கிடையாது. விடுப்பு மனு எங்கே நிற்கிறது, ஜாமீன் உத்தரவு வந்ததா, மனு பார்க்க மனைவி வந்து திரும்பிப் போனாளா, எதையும் அவரால் நேரில் போய்க் கேட்க முடியாது. "நாளைக்குச் சொல்றேன்" என்று போகிற போக்கில் சொல்லிவிட்டு வந்தால் அவர் ராத்திரி முழுவதும் நாளையை எண்ணிக்கொண்டு படுத்திருப்பார். மூன்று தடவை ஏமாந்தால் நான்காவது தடவை நீங்கள் "உட்கார்" என்று சொல்லும்போது உட்கார மாட்டார். எனக்கு மூத்த தலைமைக் காவலர் ஒருவர் இருந்தார். அவர் ஒரு சின்னப் பாக்கெட் நோட்டு வைத்திருப்பார். யாராவது ஏதாவது கேட்டால் "வியாழக்கிழமை சொல்கிறேன்" என்று எழுதிக்கொள்வார். வியாழக்கிழமை தகவல் கிடைக்காவிட்டாலும் அந்த ஆளிடம் போய், "ஆபீசில் கேட்டேன், இன்னும் வரவில்லை" என்று சொல்லிவிட்டு வருவார். அவர் டூட்டியில் இருந்த பிளாக்கில் சண்டை வந்தால் கைதிகளே விலக்கிவிடுவார்கள். லத்தியை அவர் எங்கே வைத்திருக்கிறார் என்று தேட வேண்டியிருக்கும்.

உள்ளே நம்பிக்கை போனால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சாட்சி. 1999 நவம்பர் 17 அன்று, சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த பழைய மத்திய சிறையில், கைதி ஒருவரின் மரணச் செய்தி உள்ளே பரவிக் கலவரம் வெடித்தது. துணைச் சிறை அலுவலர் ஜெயகுமார் கொல்லப்பட்டார், போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் கைதிகள் பலர் செத்தார்கள். அந்தச் சிறை பிறகு புழலுக்கு மாறியது, கட்டடத்தையும் இடித்துவிட்டார்கள். ஆனால் சிறைத்துறையில் சேருகிறவர் எவரும் அந்தத் தேதியைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். என்ன நடந்தது என்பதை உள்ளே இருப்பவர்கள் வார்டரிடம் கேட்டு நம்புகிற நிலை இல்லாவிட்டால், வதந்தியைத்தான் நம்புவார்கள்.

சாதியைப் பற்றிச் சொல்லாமல் தமிழ்நாட்டுச் சிறையைப் பற்றிப் பேச முடியாது. தென் மாவட்டச் சிறைகளில் மோதல் வரும் என்று காரணம் சொல்லிச் சாதி வாரியாக அடைக்கும் பழக்கம் இருந்தது. 2024 அக்டோபர் 3 அன்று உச்ச நீதிமன்றம், சிறையில் சாதி பார்த்து அடைப்பதும் வேலை பிரிப்பதும் அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. அதில் பாளையங்கோட்டைச் சிறையும் பேசப்பட்டது. பதிவேட்டில் சாதிக் கலமே இருக்கக்கூடாது என்றும் சொல்லிவிட்டது. கக்கூஸ் கழுவ ஒரு சாதி, சமையலுக்கு இன்னொரு சாதி என்ற வழக்கம் எங்கே இருந்தாலும் அது சட்டவிரோதம். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. அதே சமயம், வெளியே பகை உள்ள இரண்டு பேரை ஒரே இடத்தில் விட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். 2021 ஏப்ரலில் கிளைச் சிறையிலிருந்து பாளையங்கோட்டைக்கு மாற்றிக் கொண்டுவந்த விசாரணைக் கைதி இளைஞர் ஒருவரைச் சக கைதிகள் அடித்தே கொன்றார்கள், சிறை அலுவலர்கள் பலர் பணியிடை நீக்கம் ஆனார்கள். ஆகவே சேர்க்கை நேரத்தில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: யாரோடு உனக்குப் பகை, எந்த வழக்கில் யார் எதிரி, உள்ளே யாரைப் பார்த்துப் பயப்படுகிறாய்? சாதி என்ன என்று கேட்பது சோம்பேறியின் வழி. ஆளுக்கு ஆள் விசாரிப்பதற்கு நேரம் பிடிக்கும், ஆனால் அதுதான் வேலை.

அடிப்பது பற்றிக் கேட்பீர்கள். பழைய ஆட்கள் சிலர், முதல் நாளே நாலு சாத்து சாத்தினால்தான் பயப்படுவார்கள் என்று பாடம் எடுப்பார்கள். கேட்காதீர்கள். நீங்கள் அடித்துவிட்டு ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்விடுவீர்கள். அந்த ஆத்திரத்தை அடுத்த ஷிஃப்ட்டில் தனியாக நிற்கும் உங்கள் நண்பர் வாங்கிக் கட்டிக்கொள்வார். காவலில் மரணம் என்றால் மாஜிஸ்திரேட் நேரில் விசாரிப்பார், 24 மணி நேரத்துக்குள் தேசிய மனித உரிமை ஆணையத்துக்குத் தகவல் போக வேண்டும். அன்றைக்குப் பாடம் எடுத்தவர் யாரும் பக்கத்தில் இருக்க மாட்டார். கைதியை வீட்டு வேலைக்குக் கூட்டிப் போகச் சொன்னாலும் இதே கதைதான். வேலூர் மத்திய சிறை ஆயுள் கைதி ஒருவரை அதிகாரி வீட்டு வேலைக்குப் பயன்படுத்தியதாக எழுந்த புகாரில், 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சிபிசிஐடி விசாரணைக்கு உத்தரவிட்டது. எழுத்தில் இல்லாத உத்தரவு வந்தால், பொது நாட்குறிப்பில் எழுதிவிட்டுச் செய்கிறேன் ஐயா என்று பணிவாகச் சொல்லிப் பாருங்கள், பாதி உத்தரவு அங்கேயே வாபஸ் ஆகிவிடும்.

நல்ல பக்கமும் நிறைய இருக்கிறது. படிக்கத் தெரியாமல் வந்து உள்ளேயே பத்தாம் வகுப்பு எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். சிறை பஜாரில் விற்கிற ரொட்டி, துணி, சோப்பு எல்லாம் உள்ளே செய்வது. புழல், வேலூர், கோவை, திருச்சி, பாளையங்கோட்டையில் கைதிகள் நடத்தும் பெட்ரோல் பங்குகள் ஓடுகின்றன, புழலில் பெண் கைதிகளே ஒரு பங்கு நடத்துகிறார்கள். சிவகங்கை மாவட்டம் புரசடை உடைப்பில் திறந்தவெளிச் சிறை இருக்கிறது, நன்னடத்தைக் கைதிகள் அங்கே விவசாயம் பார்க்கிறார்கள். அங்கே டூட்டி கிடைத்தால் இரண்டு வருஷமாவது இருந்து பாருங்கள். பெண்கள் சிறைக்குப் போகும் தங்கைகளுக்கு இன்னொரு பொறுப்பும் சேரும்: தாயோடு 6 வயது வரை குழந்தைகள் உள்ளே இருக்கலாம். அந்தக் குழந்தை முதன்முதலில் பார்க்கும் சீருடை உங்களுடையதாக இருக்கும்.

வீட்டில் பயப்படுவது வெளியே வந்து பழிவாங்குவார்கள் என்றுதானே? நியாயமாக நடந்தவருக்கு அது அரிது. பஸ் ஸ்டாண்டில் யாரோ வந்து வணக்கம் வைத்து, டீ சாப்பிடச் சொல்லி வற்புறுத்துவதுதான் அடிக்கடி நடக்கும். டீ மட்டும் நீங்கள் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். உண்மையில் உடம்பைத் தின்பது ராத்திரி டூட்டி. தூக்கம் கெடும், நாற்பதைத் தாண்டுவதற்குள் சர்க்கரையும் பிரஷரும் வந்தவர்கள் ஏராளம். தீபாவளி, பொங்கல் உங்களுக்கு ஷிஃப்ட் கணக்கில்தான் வரும். உள்ளே பேசுகிற குரலிலேயே வீட்டிலும் பேசத் தொடங்கிவிடுவீர்கள், அதை முதலில் கவனிப்பது மனைவியும் பிள்ளைகளும்தான். அவர்கள் சொன்னால் கோபப்படாமல் கேளுங்கள்.

பதவி உயர்வு மெதுவாகத்தான் வரும். டிகிரி இருந்தால், அல்லது வேலையில் இருந்துகொண்டே முடித்தால், டிஎன்பிஎஸ்சி நடத்தும் உதவிச் சிறை அலுவலர் தேர்வை எழுதுங்கள். பிளாக்கில் நின்று வேலை பார்த்தவர் அதிகாரியாக வருவது துறைக்கு ரொம்ப நல்லது. வேலூரில் 1979 முதல் சிறை நிர்வாகப் பயிற்சி நிலையம் இருக்கிறது, தென் மாநில அதிகாரிகள் அங்கே வந்துதான் படிக்கிறார்கள்.

என் பதில், போகலாம் என்பதுதான். போலீஸ் கிடைக்காததால் வேண்டாவெறுப்பாக என்றால் வேண்டாம், தீயணைப்பு கிடைக்குமா என்று பாருங்கள். முடிவெடுப்பதற்கு முன் ஒன்று செய்யுங்கள். பக்கத்தில் இருக்கும் மத்திய சிறைக்கு மனு நாளில் காலை நேரம் போய், கேட்டுக்கு வெளியே இரண்டு மணி நேரம் நில்லுங்கள். கைக்குழந்தையோடு வந்திருக்கும் பெண்களிடம், ஆதார் கார்டை மறந்துவிட்டு வந்து திண்டாடும் கிழவர்களிடம் கேட்டில் இருக்கும் வார்டர் எப்படிப் பேசுகிறார் என்று பாருங்கள். அவர் இடத்தில் உங்களை வைத்துப் பார்க்கப் பிடித்திருந்தால், கயிறு ஏறும் பயிற்சியை இன்றைக்கே தொடங்குங்கள். எழுத்துத் தேர்வில் நல்ல மார்க் எடுத்தவர்கள்கூடக் கோட்டை விடுவது அதில்தான்.